பாட்டியின் பாட்டுக்கு ஏற்ற பெட்டி

தம் வீட்டுக் கிழவியர் பாடும் பாட்டுக்களைக் கணினியிற் பதிந்து வைக்க வேண்டுமென்னும் ஆசை சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நம் இளைஞர் சிலரிடம் அரும்பியிருக்கின்றது. எம்மிடம் பயிலும் மாணவர், "சேர், எந்த சவுண்ட் கார்ட் எடுக்கலாம்?" என்று கேட்கின்றனர். விளம்பரங்களைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிவிடுதல் எளிது. ஆனால், எந்தப் பாட்டு, எவ்விடத்திற் பாடப்படப் போகின்றது என்பதை அறியாமற் பெட்டியைத் தேர்தல், காலை அளந்து பாராமற் செருப்பு வாங்குவதை ஒக்கும்.

மலையக மக்களின் பாடல்களை ஏட்டில் ஏற்றிய பெருமை சி. வி. வேலுப்பிள்ளை அவர்களைச் சாரும். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் அவரது தொகுப்பு இல்லையேல் எத்தனையோ பாடல்களின் சொற்கள் மறைந்தே போயிருக்கும். ஆனால் அச்செழுத்திலே சொல் நிற்குமேயன்றிக் குரல் நிற்பதில்லை. தாலாட்டின் நடுவே எழும் இழுப்பும், ஒப்பாரியிலே மூச்சு முறியும் இடமும் ஏட்டில் அகப்படா. இறப்பர் மரங்களிடையே எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், தேயிலை மலைகளிலே பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் அக்குரலுக்குரிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பிள்ளைகளோ வேலை தேடிக் கொழும்புக்குச் சென்றுவிடுகின்றனர்.

நிற்க. ஒலி அட்டை என்பதே இன்று பழம்பெயராகிவிட்டது. 1989ஆம் ஆண்டிலே சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்பதை வெளியிட்ட காலத்தில், அது கணினியைத் திறந்து உள்ளே செருக வேண்டிய உண்மையான அட்டையாகவே இருந்தது. இக்கால மடிக்கணினிகளிலோ ஒலிக்குரிய சில்லு பிறவியிலேயே அமைந்துள்ளது. உரையாடலுக்கு அது போதும். ஆயினும், பலவகை மின்சுற்றுக்கள் நெருங்கிக் கிடக்கும் அவ்விடத்துக்குள்ளேயே ஒலிவாங்கியின் நுண்ணிய மின்னோட்டமும் புக நேர்வதால், மெல்லிய குரலோடு ஒரு சீறலும் கலந்து பதிந்துவிடுகின்றது. இதனாலேதான் ஒலியை எண்ணாக மாற்றும் வேலையைக் கணினிக்கு வெளியே, யூ.எஸ்.பி. கம்பியால் இணைக்கப்படும் சிறு பெட்டியொன்றிடம் ஒப்படைக்கின்றனர். கடைக்காரர் அதனை 'ஓடியோ இன்டர்பேஸ்' என்பர். நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் சவுண்ட் கார்ட்தான்.

இனி ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பது நம் மூத்தோர் பலரின் நம்பிக்கை. விளக்கு வைத்த வீட்டில் அப்பாட்டைப் பாடச் சொல்லி அவர்களை வற்புறுத்துவது பண்பன்று. லயத்துக்கு அப்பால், ஒரு மரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ சென்றமர்ந்தால் பாட இசைவோர் உண்டு. அங்கே மின்சாரத்துக்கு எங்கே போவது? ஆகவே முதல் நிபந்தனை இதுவாகின்றது: பெட்டிக்குத் தனி மின் இணைப்பு வேண்டியிருத்தல் கூடாது, மடிக்கணினியின் மின்கலத்திலிருந்தே யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ற்றுக்கொண்டு அது இயங்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் ஒரே நாளிற் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்த நமக்கு இந்நிபந்தனையின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. சுவர் மின்சாரத்தோடு தொடர்பற்று இருக்கையில், வினாடிக்கு 50 சுழற்சியாக ஓடும் மின்னோட்டத்தின் 'ஊம்' என்னும் இரைச்சலும் பதிவில் நுழைவது அரிது. இரத்தினபுரிப் பக்கத்து மாலை மின்னல் சுவர் மின்கம்பி வழியே வந்து பெட்டியைத் தாக்குமென்றும் அஞ்ச வேண்டியதில்லை; ஆயினும் மின்னும் வேளையில் மரத்தடியில் அமர்தல் ஆபத்து.

இரண்டாவது நிபந்தனை இதனினும் பெரிது. ஒலிப்பதிவுக் கூடத்துப் பாடகர் ஒரே அடியைப் பத்து முறை பாடுவர். கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்த ஒரு தாய், அத்துயரை நினைந்து பாடிய ஒப்பாரியை, "சரியாகப் பதியவில்லை அம்மா, இன்னொரு தடவை" என்று கேட்க எவருக்கு மனம் வரும்? முதன்முறை பாடுவதே முடிந்த பாட்டு. அதுவோ முணுமுணுப்பாகத் தொடங்கி ஓலமாக உயர்வது. எண்முறைப் பதிவில் ஒலி தன் உச்ச எல்லையைத் தாண்டுமாயின் அலையின் தலை வெட்டுண்டு போகும். பின்னர் எந்த மருந்தாலும் அது வளராது. எனவே தொடக்கத்திலேயே அளவைத் தாழ்த்தி, உச்சத்துக்குக் கீழே 12 முதல் 18 டெசிபெல் வரை இடம் விட்டு வைத்தல் வேண்டும். அவ்வாறு தாழ்த்திப் பதிந்தாலும் மெல்லிய ஓசை கெடாதிருக்க உதவுவது 24 பிட் அளவு. 16 பிட்டில் ஓர் ஒலியின் வலிமையை அளக்க 65,536 படிகளே உள; 24 பிட்டில் அவை 16,777,216 ஆகின்றன. மலிவான பெட்டிகளில் சில இன்றும் 16 பிட்டோடு நிற்பவை. உறையின்மேல் அச்சிட்டிருப்பதை வாசித்த பின்னரே காசைக் கொடுக்க வேண்டும்.

ஒலிவாங்கியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கித் தருவது பெட்டிக்குள் இருக்கும் முன்பெருக்கி. இது இரைச்சலின்றி இயங்குவதே பெட்டியின் உண்மையான தரம் என்பது எமது துணிபு. கண்டென்சர் வகை ஒலிவாங்கி நுட்பமானது. பெட்டியிலிருந்து 48 வோல்ற்றுக் கேட்கும். ஆனால் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியின் ஈரம் அதற்கு ஆகாது. தொலைவில் தகரக் கூரைமேல் விழும் மழையையும், பக்கத்து வீட்டு வானொலியையும் அது விடாமற் பிடித்துக்கொள்ளும். 1966ஆம் ஆண்டு முதல் மேடைதோறும் காணப்படும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் வகையோ முரடானது. வாயருகே பிடித்தால் சுற்றுச் சத்தத்தைப் பெரிதும் ஒதுக்கும். ஆனால் தாழ்ந்த குரலுக்கு அதனை மிகுதியாகப் பெருக்க வேண்டியிருக்கும். குமிழைக் கடைசி வரை திருப்பும்போது சீறாத பெட்டியே நமக்கு வேண்டியது. கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பதிய விரும்புவோர்க்கு இன்னொன்று. தீயிற் காய்ச்சிய தப்பின் அடிக்கு முன்னால் பாடுவோரின் குரல் அமுங்கிப் போகும். தப்புக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என இரண்டு ஒலிவாங்கிகளைத் தனித்தனித் தடங்களிற் பதிந்தால் பின்னர் இரண்டையும் சமன் செய்யலாம். போகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி ஆகியன இத்தகைய இரண்டு வாயில்களும் 24 பிட்டும் உடையவை. எட்டு வாயில் கொண்டதை வாங்கும் பணத்துக்கு நல்ல ஒலிவாங்கியும் தாங்கியும் வாங்குவது மேல்.

வினாடிக்கு 192,000 மாதிரி என்னும் பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 சுழற்சிக்கு மேற் கேளாதாதலின் 48,000 சாலும். கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் பொத்தான் வைத்த வண்ண வண்ணப் பெட்டிகளும் இணையக் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. நேரலையில் அரட்டையடிப்போர்க்கு அவை உகந்தன. ஒப்பாரியின் நடுவே விரல் தவறிக் கைதட்டல் எழுந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

பதிவதற்கு 'ஓடாசிற்றி' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. ஒற்றைத் தடம் ஒரு மணி நேரத்துக்கு 500 மெகாபைட்டைச் சற்றே தாண்டும். இடம் மிச்சம் பிடிக்க எம்பி3 ஆக்காமல் 'வேவ்' கோப்பாகவே இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். பாட்டுத் தொடங்குமுன் பாடுபவரே தம் பெயரையும், தோட்டத்தையும், அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் தம் குரலாற் சொல்லட்டும்; திகதியை நாம் சொல்லிக்கொள்ளலாம்.