மீனோடு மண்ணில்லா நெல்... கணக்கு எங்கே உதைக்கிறது?

சாத்தனூர் அணைக்குப் போய்விட்டு மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்பும் திருவண்ணாமலைக்காரர்கள் குறைவு. அப்படி ஒரு மீனை வீட்டுத் தொட்டியிலேயே வளர்த்து, அந்தத் தண்ணீரில் மண்ணே இல்லாமல் நெல்லும் விளைவித்தால்? கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. சேமிப்பில் கை வைக்கும் முன் ஒரு சென்ட் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா தண்ணீரில் சேரும். அது கூடினால் மீன் செத்து மிதக்கும். சரளைக்கல்லில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற, பயிர் உறிஞ்சிக்கொள்ளும்; தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்பும். தக்காளி வேர் தேங்கிய நீரில் கிடந்தால் அழுகிவிடும். நெல்லோ, இலையிலிருந்து வேர் வரை காற்றை இறக்கத் தனக்குள்ளேயே குழல் வைத்திருக்கிறது. சீனாவில் மீன் குளத்தில் மிதவை கட்டி, அதன்மேல் நெல் நட்டு அறுத்தே இருக்கிறார்கள்.

ஆக, விளையும். விலை?

ஹெக்டேருக்கு 5 டன் என்று வைத்தால் ஒரு சென்ட்டில் 20 கிலோ நெல். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை, சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். அப்படியானால் கைக்கு வருவது சுமார் 474 ரூபாய்! தொட்டி, மிதவை, மோட்டார், கரன்ட் பில் எல்லாம் தனி. மின்சாரம் போய்க் காற்று பம்பு நின்றால், நெருக்கமாக விட்ட மீன்கள் சில மணி நேரம்கூடத் தாங்காது.

இன்னொரு சிக்கல், பி.ஹெச். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் 7-க்கு மேல் இருந்தால் நல்லது. மண்ணில்லா நெல்லுக்கு 6-ஐ ஒட்டி வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் என்றால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும். மீன் தீவனத்தில் சாம்பல்சத்தும் போதாது. இரண்டையும் தனியாகக் கொடுக்க வேண்டும். இந்த முறையில் காசு மீனில்தான். நெல், தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையாள். அந்த வேலைக்குக் கீரையே போதுமே!

நெல்லும் மீனும்தான் வேண்டும் என்றால், வயலிலேயே வழி இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் ஸீரோ பள்ளத்தாக்கில் அப்படாணி மக்கள் நெல் வயலுக்குள் வாய்க்கால் வெட்டிக் கெண்டை மீன் வளர்க்கிறார்கள், வரப்பில் கேழ்வரகு. வயலில் தண்ணீர் வடியும்போது மீன்கள் வாய்க்காலில் ஒதுங்கிக்கொள்ளும். ஏரி நிரம்பிய வருடத்தில் இங்கேயும் கால் ஏக்கரில் முயன்று பார்க்கலாம். ஒன்று, பூச்சிமருந்து டப்பாவைத் தொடவே கூடாது.