கமராவின் முதுகு

கடந்த மாதம் மட்டும் மூன்று தடவை பல்லேகலவுக்குப் போய்வந்தேன். கிரிக்கெட் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அங்கு 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த முதலாவது டெஸ்ட் போட்டியை மழை அள்ளிக்கொண்டு போனபோதே அந்த ஆசை எனக்குத் தீர்ந்துவிட்டது. நான் போனது மைதானத்துக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருக்கும் சிங்கள நண்பர் ஒருவரிடம். முப்பது ஆண்டுகள் கல்யாண வீடுகளில் படம் பிடித்து ஓய்ந்தவர். அவருடைய அலுமாரியில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி விலைக்குக் காத்திருந்தது.

என்னிடம் இருப்பது ஹசல்பிளாட் 500சி/எம். 120 பிலிமில் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் சதுரமாகப் படம் விழும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். அதன் பிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுவதுதான் டிஜிட்டல் பேக். கமராவுக்கு முதுகை மட்டும் மாற்றுகிறோம்; கண் பழைய கண்ணே.

பத்திரிகைக்கு இவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டியதில்லை. 35 மில்லிமீற்றர் பிலிமைப்போல் மூன்றரை மடங்கு பரப்பு இருந்து என்ன பயன், செய்தித்தாளின் கரகரப்பான அச்சில் எல்லாம் ஒன்றுதானே என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். பயன் என்னவென்று எனக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

1979இல் ரங்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் செய்திக்காகப் போயிருந்தேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டன. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டுப் பெற்று, ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போவார்கள். நான் போன தோட்டத்தில் ஒரு குடும்பம் மறுநாள் புறப்படவிருந்தது. அண்ணன் போகிறார், தங்கை நிற்கிறாள். லயத்தின் முன்னால் பதினொரு பேரை நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இருபது ஆண்டுகளின் பின் அந்தத் தங்கை என்னைத் தேடி வந்தார். அண்ணன் கூடலூரில் இறந்துவிட்டாராம். அவருடைய தனிப்படம் ஒன்றுகூட இல்லையாம். பதினொரு பேரில் ஒருவராக, நெகட்டிவில் ஒரு பயறளவே இருந்த அந்த முகத்தை மட்டும் பெருப்பித்துக் கொடுத்தேன். காதோரத் தழும்பு வரைக்கும் தெரிந்தது. அந்த அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

இப்போது அவருக்கு எண்பதை நெருங்குகிறது. புதிய வீடு கிடைத்து லயத்தை விட்டுப் போகிறார். போகுமுன் அந்தக் காம்பிராவுக்குள் தம்மை ஒரு படம் எடுத்துத் தரவேண்டும்; அதைக் கூடலூரில் இருக்கும் அண்ணன் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லியனுப்பினார். நான் பிலிம் கழுவக் கொடுத்துவந்த இடமோ மூடப்பட்டுவிட்டது. கடைசியாக வேறோர் இடத்தில் கொடுத்த சுருள் கறைபட்டுத் திரும்பி வந்தது. திரும்ப எடுக்கமுடியாத படத்தை அப்படி யாரிடம் ஒப்படைப்பது?

கனடாவிலிருக்கும் மகன் 2024இல் வெளிவந்த ஹசல்பிளாட் சிஎஃப்வி 100சி வாங்கச் சொன்னான். பத்துக் கோடிப் புள்ளிகள். அறிமுக விலை 8,199 டொலர். நம் பணத்தில் ஏறக்குறைய 25 இலட்சம். இறக்குமதி வரி வேறு. விலையை விடுங்கள். அதன் உணரி 43.8க்கு 32.9 மில்லிமீற்றர், நீள்சதுரம். என் கமராவிலோ மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடி; நெட்டுக்குத்தாக எடுக்கவேண்டுமானால் கமராவையே பக்கவாட்டில் சாய்த்து, நானும் சாயவேண்டும். சதுரமாக வெட்டிக்கொண்டால் மிஞ்சுவது 32.9 மில்லிமீற்றர்தான்.

நண்பரிடம் இருந்தது அதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட முதலாவது சிஎஃப்வி. 1.6 கோடிப் புள்ளிகளே, ஆனால் 36.9 மில்லிமீற்றர் முழுச் சதுரம். ஐஎஸ்ஓ 400க்கு மேல் போகாது. சின்னஞ்சிறு திரையில் வெயிலில் ஒன்றுமே தெரியாது. பற்றரி மட்டும் வீடியோக்காரர்கள் பாவிக்கும் சோனி பற்றரி. எந்தக் கல்யாண வீட்டிலும் இரவல் வாங்கலாம் என்றார் நண்பர். ஒரு பக்கத்துக்கு 4,080 புள்ளிகள்; சுவரில் மாட்டும் பன்னிரண்டு அங்குலப் படத்துக்குத் தாராளம்.

என் கவலை வேறு. லயக் காம்பிரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. பிலிமில் பத்தடி தூரத்திலிருந்து ஏழடி அகலத்தைப் பிடிக்கும் என் 80 மில்லிமீற்றர் லென்ஸ், இந்தச் சதுரத்தில் நாலரை அடியைத்தான் பிடிக்கும். அம்மா இருப்பார், அறை இருக்காது. கண்டியின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த 50 மில்லிமீற்றர் லென்ஸைத் துப்புரவாக்கி எடுத்தபின்தான் கணக்குச் சரிவந்தது.

வாங்குமுன் இரவலாகக் கேட்டேன், கொடுத்தார். திகன, தெல்தெனிய கடந்து ரங்கலைக்கு ஏறினோம். நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுவதும் முகில். இஸ்தோப்பில் முக்காலியை நிறுத்தி வாசல் வழியாக உள்ளே பார்த்தேன். சுவரில் சாமிப் படங்களுக்கு நடுவே நான் பெருப்பித்துக் கொடுத்த அண்ணனின் முகம். அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. ஒரு முழு விநாடி திறக்கவேண்டியிருந்தது.

1860களில் கண்டியில் ஸ்டூடியோ நடத்திய ஜோசப் லோட்டன் என் நினைவுக்கு வந்தார். 1870, 71இல் அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படமெடுக்கக் காட்டுக்குள் போனவர். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டை அந்த இடத்திலேயே இருட்டில் பூசி, ஈரம் காயுமுன் கழுவவும் வேண்டும். கறைபட்டால் அங்கேயே தெரிந்துவிடும், மறுபடி எடுக்கலாம். இடையில் வந்த பிலிம்தான் நம்மை நாட்கணக்கில் தவிக்கவைத்தது.

"அசையக் கூடாதும்மா" என்றேன்.

"அன்னைக்கும் இதையேதாங்கய்யா சொன்னீங்க" என்றார். அசையவில்லை.

மூன்றாவது படம் சரியாக வந்தது. திரையை அவரிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர் தம்மைத் தேடவில்லை. "அண்ணன் விழுந்திருக்காரா?" என்று கேட்டார். பெரிதாக்கிக் காட்டினேன். சுவரிலிருந்த படத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது.

அன்று மாலையே பல்லேகலவில் விலை பேசி முடித்தோம். இரண்டு பற்றரிகளையும் சேர்த்துத் தந்து, பணத்தை இரு தவணைகளில் வாங்கிக்கொள்ள நண்பர் இசைந்தார். பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு பிரதிகள் அச்சாகின்றன. ஒன்று புதிய வீட்டுக்கு, மற்றது கூடலூருக்கு. என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்தே அறிந்துகொள்வார்.