இடையூறும் எழுதுகோலும்

எழுதுகோலை எடுத்த பிறகுதான் உலகுக்கு நம் நினைவே வரும். பால்காரர் கணக்குக் கேட்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் காணும், உறவினர் வந்து ஊர்க்கதை பேசுவர், மின்சாரம் நின்றுபோகும். நாள்தோறும் எழுதுவோம் என்று பூண்ட உறுதி நான்காம் நாளே நலிந்துவிடும். "நேரம் இல்லை" என்று நெடுமூச்செறிவோம். தோழர்களே, இல்லாதது நேரமா? அந்த நேரத்தைக் காத்துத் தரும் கைகளா?

ஆங்கிலப் புதின ஆசிரியர் அந்தோணி டிரோலப் 1867 வரை அஞ்சல் துறையில் அலுவல் பார்த்தவர். வாழ்நாளில் 47 புதினங்கள் எழுதியவர். காலை 5.30 மணிக்கெல்லாம் மேசைமுன் அமர்வார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என எழுதுவார். ஊர் ஊராகச் சுற்றும் அலுவல் ஆதலின், இரயில் பெட்டியிலும் எழுதினார். அரிய உழைப்புத்தான்; மறுப்பார் யார்? ஆயினும், 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே மறைக்காமல் கூறும் செய்திகள் இரண்டு உண்டு. விடியலில் அவரை எழுப்பிக் காப்பி தர முதிய பணியாளர் ஒருவர் இருந்தார். அதற்கென ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகப் பெற்றார். இரயிலில் பென்சிலால் எழுதியதையோ, அவருடைய மனைவியார் படியெடுத்தார்!

அவருடைய அன்னை பிரான்சிஸ் டிரோலப்பும் எழுத்தாளரே. முதல் நூல் 1832-இல் வெளிவந்தபோது அவருக்கு அகவை ஐம்பதைக் கடந்திருந்தது. கணவரின் கடன் சுமை 1834-இல் குடும்பத்தைப் பெல்ஜியத்தின் புரூகசு நகருக்குத் துரத்திற்று. அங்கே கணவரும் மகன் ஒருவரும் நோய்ப்படுக்கையில். அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டே, குடும்பத்தின் பசி தீர்க்கப் புதினம் எழுதினார் அந்தத் தாய். மருந்துப் புட்டிக்கும் மைக்கூட்டுக்கும் இடையே நடந்தது அவர் எழுத்துப் பணி.

மகனுக்குக் காப்பி வந்தது. தாய்க்கோ நோயாளியின் அழைப்பு வந்தது. இருவரும் எழுதினர், இருவர்க்கும் கிடைத்த காலை ஒன்றா?

நம் இல்லத்திலும் எழுதுகோல் இரண்டு. துணைவியார் கதை எழுதுபவர், நாம் கட்டுரை. ஆகவே ஒரு முறை வகுத்துக்கொண்டோம். 5 முதல் 6 வரை அவர் நேரம். 6 முதல் 7 வரை நம் நேரம். ஒருவர் எழுதுங்கால் அடுப்பும் பிள்ளையும் வாசற்கதவும் மற்றவர் பொறுப்பு. சென்ற கோடையில் நம் அன்னையார் நோயுற்று 40 நாள் படுத்திருந்தார். மணி நேரம் அரை மணியாயிற்று, அறவே நிற்கவில்லை. ஐந்து வரியாயினும் எழுதினோம். எழும்போது, அடுத்து வரவேண்டிய கருத்தை ஓரத்தில் குறித்துவைத்தோம். இழை அறாமல் மறுநாள் தொடர அது உதவிற்று. அந்த 40 நாளில் நம் கட்டுரை ஒன்றும் முற்றுப்பெறவில்லை. துணைவியாரின் சிறுகதை ஒன்று முற்றுப்பெற்றது. இல்லத்துக்கு அது இழப்பா?

இடையூறு இல்லாத வாழ்வு எவர்க்கும் இல்லை. ஆனால், ஒருவர்க்கு வரவேண்டிய இடையூறு அனைத்தையும் மற்றொருவர் தலைமேல் ஏற்றிவிட்டு, அதற்கு ஒழுங்கு என்று பெயர் சூட்டுவது அறமாகாது. நாள்தோறும் எழுத விழையும் தோழர்கள், நம் நேரத்தைக் காப்பவர் யார் என்று முதலில் எண்ணட்டும். பிறகு, அவருடைய நேரத்தை நாம் காக்கிறோமா என்று தம்மைத் தாமே கேட்கட்டும்!