கல்வெர்ட்டும் கல்வெட்டும்

எங்கள் வட்டாரத்தில் சாலைக்கு அடியில் வாய்க்கால் புகுந்து போகும் சிறு பாலத்தை மதகு என்பார்கள். சாலை போட வரும் ஆட்கள் அதையே கல்வெர்ட்டு என்பார்கள். பேச்சில் அந்த ரகரம் தேய்ந்து, கல்வெட்டு என்றே காதில் விழும். "கல்வெட்டாண்ட நிறுத்துப்பா" என்று ஷேர் ஆட்டோவில் சொன்னால் ஓட்டுநருக்கு எந்த இடம் என்று தெரியும். காஞ்சிபுரத்தில் தொடங்கி ஓரிக்கை வழியாக உத்திரமேரூர் போகும் சாலை, இந்தப் பேச்சுவழக்குக் கல்வெட்டுகள் பலவற்றைத் தாண்டிப் போய், உண்மையான கல்வெட்டில் முடிகிறது.

பழைய கல் வளைவுப் பாலங்களை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பார்ப்பது பல நாடுகளில் விடுமுறை வழக்கம். வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் இறங்கி நின்று கட்டுமானத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். நாமும் அப்படி ஒரு சாலையை எடுத்துக்கொண்டு, தண்ணீரைத் தாண்டும் இடமெல்லாம் நின்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலையில் வண்டியை எடுத்தேன். முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம்தான். முடிக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

முதல் தண்ணீர் வேகவதி. காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில் ஓடும் இந்த ஆறு இன்று ஊரின் கழிவைச் சுமந்து, கரையெல்லாம் வீடுகள் நெருக்க, கறுத்துக் கிடக்கிறது. ஆனால் இதே ஆற்றுக்கு அஞ்சிய காலம் ஒன்றின் நினைவு திருவெஃகா கோயிலில் இருக்கிறது. பிரமன் வேள்வி செய்தபோது அதை அழிக்கச் சரசுவதி வேகவதியாகப் பெருகி வந்தாள் என்றும், பெருமாள் ஆற்றின் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்றும் தலபுராணம் சொல்கிறது. வேகவணை என்ற சொல்லே திரிந்து வெஃகா ஆயிற்று என்பார்கள். வேறு ஊர்களில் கடவுள் மலையைத் தூக்குகிறார், அசுரனை வதைக்கிறார். இந்த ஊரில் வெள்ளத்தின் குறுக்கே படுக்கிறார். ஏரிகளை நம்பிப் பிழைத்த தொண்டை மண்டலம் தன் கடவுளிடம் எதைக் கேட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே பெருமாளைத் தொடர்ந்து போனால் ஓரிக்கை வருகிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன் தன்னைப் பாட மறுத்ததால் பல்லவ மன்னன் அவனை நாடு கடத்தினான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். நீயும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்று பெருமாளிடம் சொன்னார். அவரும் சொன்னவண்ணம் செய்தார். ஊர் இருண்டது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கும்வரை மூவரும் பாலாற்றங்கரையில் ஓர் இரவு தங்கினார்கள். ஓர் இரவு இருக்கை என்பதே ஓரிருக்கை ஆகி, ஓரிக்கை ஆயிற்று என்பது வழக்கு. ஆற்றைக் கடக்குமுன் ஓர் இரவு தங்குவது அந்தக் காலத்தில் பெருமாளுக்கு மட்டுமான வழக்கமாக இருந்திருக்காது. பாலம் இல்லாத ஆற்றங்கரைகள் எல்லாமே ஒரு விதத்தில் ஓரிரவு இருக்கைகள்தான். வெள்ளம் வடியும்வரை வண்டிகளும் மாடுகளும் ஆட்களும் அங்கேயே கிடந்திருப்பார்கள்.

ஓரிக்கையில் காஞ்சி மகாசுவாமிகளுக்கு எழுப்பிய மணிமண்டபம் இருக்கிறது. 2011-இல் குடமுழுக்கு நடந்தது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கருங்கல். தூண், தூண்மேல் போதிகை, போதிகைமேல் உத்தரம், உத்தரத்தின்மேல் கற்பலகை என்று, பல்லவர் காலம் முதல் நம் சிற்பிகள் கைவிடாத அதே முறை. வளைவு இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் நம் பாலங்களின் கதையும் அடங்கியிருக்கிறது.

கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைத்தால் உடையும். இரண்டு தூண்களுக்கு நடுவே கற்பலகையைப் படுக்க வைத்தால், இடைவெளி கூடக் கூடப் பலகையின் அடிவயிறு விரிசல் விடும். அதனால்தான் நம் கோயில்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கம். வளைவு வேறு வழியில் போகிறது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கிவிட்டால், ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்கியபடியே நிற்கும். அகலமான ஆற்றையும் சில கண்களில் தாண்டிவிடலாம். ஆனால் அந்த அமுக்கம் இரண்டு கரைச்சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கரை அசைந்தால் எல்லாம் போச்சு. வளைவு தூங்குவதே இல்லை என்று நம் நாட்டுக் கட்டடக்காரர்கள் சொல்லி வந்ததாக 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை வரலாற்றாளர் ஃபெர்குசன் எழுதி வைத்தார். மகேந்திரவர்மன் குடைவரைகள் செதுக்கிய காலத்தை ஒட்டியே சீனாவில் சாவோசோவ் ஊரில் 37 மீட்டர் அகலத்தை ஒரே கல் வளைவால் தாண்டினார்கள். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. நம் சிற்பிகளுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தூங்காத ஒன்றைத் தெய்வத்தின் தலைக்குமேல் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆற்றைத் தாண்ட வளைவு வந்தது பின்னால்தான். சென்னையில் அடையாற்றுக்குக் குறுக்கே ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் தன் சொந்தப் பணத்தில் பல வளைவுகள் கொண்ட மர்மலாங் பாலத்தைக் கட்டினார். 1843-இல் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் 11 வளைவுகளோடு பாலம் திறந்தது. பணம் கொடுத்தவர் ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார். பாலம் அவர் பெயரிலேயே இருக்கிறது, வண்டிகளும் ஓடுகின்றன. மர்மலாங் பாலம் போய், 1966-இல் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. உஸ்கான் நட்ட கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டையில் மிஞ்சியது.

ஓரிக்கையை விட்டதும் பாலாறு. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வயலூரில் கடலைச் சேரும் ஆறு; இங்கே பெரும்பாலான மாதங்களில் மணலும் கருவேலமும்தான். இன்றைய பாலம் கான்கிரீட். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தால், ஆற்றின் அகலம் வயிற்றைக் கலக்குகிறது. இந்த மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது. அதில் ஊற்றுக்கால் வெட்டித்தான் இரு கரை ஊர்களும் பயிர் செய்தன. காஞ்சிபுரம் குடிப்பதும் பாலாற்று மணலுக்குள் ஊறும் தண்ணீரைத்தான். அந்த மணலை லாரி லாரியாக அள்ளியபோது இறங்கியது நிலத்தடி நீர் மட்டும் அல்ல. பாலத்தின் தூண்களைப் பிடித்திருப்பதும் மணல்தான். ஆற்றுப்படுகை தாழ்ந்தால், வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடித்தளத்தை அரிக்கும். காய்ந்த ஆறுதானே என்று இருந்தவர்களுக்கு 2021 நவம்பரில் பாலாறு கரைமுட்ட வந்து காட்டியது.

குருவிமலை, களக்காட்டூர் இரண்டையும் விரைவாகத் தாண்டிவிடலாம். சாலை நேராக, வயல்களுக்கு நடுவே ஓடுகிறது. மாகறலில் நின்றுதான் ஆக வேண்டும். திருஞானசம்பந்தர் பாடிய தலம். கருவறை விமானம் யானையின் பின்புறம்போல் வளைந்திருக்கும். கோயிலைத் தாண்டினால் செய்யாறு. சவ்வாது மலையிலிருந்து வரும் இந்த ஆறு இன்னும் கொஞ்ச தூரத்தில், திருமுக்கூடலில், பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. மூன்று ஆறுகளையும் தனித்தனியாகத் தாண்டும் ஒரே சாலையில் வருகிறோம் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

மாகறலுக்கும் வெங்கச்சேரிக்கும் நடுவே செய்யாற்றைத் தரைப்பாலத்தில் தாண்டிய காலம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆற்றுப்படுகையோடு படுகையாக, வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போகட்டும் என்று கட்டுவது தரைப்பாலம். செலவு குறைவு. ஆனால் மழைக்காலத்தில் அது பாலமே இல்லை. 2021 வெள்ளத்தில் தரைப்பாலம் உடைந்து போக்குவரத்து நின்றது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏழை ஊர்களுக்குத் தரைப்பாலம் போதும் என்று விட்டுவிடுவது தவறு. ஆற்றைத் தாண்டும் உரிமை கார்த்திகை மாதத்திலும் வேண்டும்.

கடம்பர்கோயிலை நெருங்கும்போது பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் பிரியும் சாலையில் திரும்பினேன். அங்கேதான் நான் தேடி வந்தது இருந்தது: ஏரியின் உபரிக் கால்வாய்மேல் ஒரு பழைய மதகு. அடியில் கருங்கல், மேலே செங்கல் வளைவு, இடுக்கெல்லாம் சுண்ணாம்புக் காரை. குனிந்து உள்ளே பார்த்தேன். செங்கற்கள் கைவிரல்போல் நெருக்கமாக, செங்குத்தாக அணிவகுத்திருந்தன. உச்சியில் ஒரு செங்கல்கூட நழுவவில்லை. ஆனால் பக்கச்சுவரில் ஓர் அரசங்கன்று வேர்விட்டு, காரையைப் பிளந்துகொண்டிருந்தது. வாயில் பாலித்தீன் பைகளும் பழைய மெத்தை ஒன்றும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"இன்னா தம்பி, அளக்குறீங்களா?"

"சும்மா பார்க்கிறேன் தாத்தா."

"மூணு கண்ணு இருந்துச்சு. ரெண்டு கண்ணு அடைஞ்சு போச்சு. ஒரு கண்ணுலதான் தண்ணி போவுது. மழ வந்தா ரோட்டு மேல ஏறிக்குது."

பாலத்தின் திறப்புகளைக் கண் என்பது நம் மொழி. கண் அடைந்தால் பாலம் குருடாகிறது, தண்ணீர் பக்கச்சுவரை மோதுகிறது, சுவர் நகர்கிறது, தூங்காமல் நின்ற வளைவு அத்தோடு விழுகிறது. கட்டியவர்கள் கணக்குப் போட்டது மூன்று கண்ணுக்கு. ஒரு கண்ணில் அத்தனை தண்ணீரையும் தள்ளினால் எந்தக் காரையும் தாங்காது. அரசங்கன்றைப் பிடுங்க நானும் அவரும் முயன்றோம். இலைதான் கையோடு வந்தது. வேர் உள்ளே போய்விட்டது.

"சின்னதுல புடுங்கியிருக்கணும்," என்றார்.

பிற்பகலில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். மண்டபத்தின் கல் அடித்தளம் முழுக்க எழுத்து. பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபை எடுத்த முடிவுகள். 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை எல்லோரும் பள்ளியில் படித்தது. நான் நின்று தேடியது ஏரி வாரியத்தை. ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கலிங்கு வாரியம், தடிவழி வாரியம் என்ற பெயர்களும் வருகின்றன. உபரிநீர் வழியும் கலிங்கைப் பார்க்க ஒரு குழு, வயல்வழிப் பாதையைப் பார்க்க ஒரு குழு. நான் காலை முதல் பார்த்து வந்ததெல்லாம் இவர்கள் பார்க்க வேண்டியவை.

அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட பிரமதேய ஊர் அது. வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, மறைநூல் அறிவு, 35-க்குமேல் 70-க்குள் வயது என்று தகுதிகள் இருந்தன. பெண் பெயர் குடத்தில் இல்லை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பெயரும் இல்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் அந்தக் கல்லில் இருக்கிறது. ஏரியைப் பார்ப்பது யார் என்று கேட்டால், இந்த ஆண்டு இந்த ஆறு பேர் என்று ஊரில் யாரும் விரல் நீட்டிச் சொல்லியிருக்க முடியும். அந்த மூன்று கண் மதகு யார் பொறுப்பு என்று பெரியவரிடம் கேட்டிருந்தேன். கால்வாய் ஒரு துறை, சாலை ஒரு துறை, குப்பை பஞ்சாயத்து என்றார். அரசங்கன்று யார் கணக்கிலும் இல்லை.

சுண்ணாம்பும் செங்கல்லும் கருங்கல்லும் நம் காலத்தைத் தாண்டி நிற்கும். சுலோசன முதலியாரின் பாலத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை யாராவது அடியில் இறங்கிப் பார்த்தால் போதும். கோடிக்கணக்கில் செலவில்லை. ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஊரக வேலைத் திட்ட ஆட்கள் நான்கு பேர்.

இதைப் படிக்கிறவர்கள் தங்கள் ஊர்ச் சாலையில் இருக்கும் மதகுகளுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். எத்தனை கண், எத்தனை அடைந்திருக்கிறது, எங்கே செடி முளைத்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கிராம சபையில் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் இரண்டாம் பாதியில்தான் தொடங்குகிறது. காந்தி ஜெயந்தி கிராம சபை அக்டோபர் 2-ஆம் தேதி.