அனுப்புகிறவர், ஏற்கிறவர், நடுவில் ஒரு ஊர்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், புத்தூரைத் தாண்டினால் வடமாலபேட்டை. பலகைகளில் தெலுங்கு, டீக்கடைப் பேச்சில் தமிழும் தெலுங்கும். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். புரட்டாசியில் தமிழ்நாட்டுப் பக்தர்கள் திருமலைக்கு நடந்தே போகும் வழி இது. கூட்டத்தைக் கட்டிக்காப்பது அழைத்து வந்தவர் வேலை. மோரும் நிழலும் கொடுப்பது வழியிலிருப்பவர் வேலை. யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

சாலை போய்ச் சேரும் திருப்பதியில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமில்லை. வெங்கடேஸ்வரா 1954-ல் வந்தது, பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-ல். 2015-ல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் சேர்ந்துகொண்டன. இப்படிப்பட்ட நிறுவனங்கள் வெளியூர், வெளிநாட்டு மாணவர்களைச் சில வாரமோ ஒரு செமஸ்டரோ ஏற்பது இன்று சகஜம். பக்தர் கூட்டத்தைப் போல இங்கே வாய்மொழி ஏற்பாடு செல்லாது. எல்லாம் ஒப்பந்தம்.

வழக்கமான பங்கீடு இது: மாணவரைத் தேர்ந்தெடுப்பதும், திரும்பி வந்ததும் கிரெடிட்டைக் கணக்கில் சேர்ப்பதும் அனுப்பும் பல்கலைக்கழகம். வகுப்பு, நூலகம், விடுதி, மதிப்பெண் பட்டியல் ஏற்கும் பல்கலைக்கழகம். மாணவர் கட்டணத்தைச் சொந்த ஊரில் கட்டிவிடுவார். போன இடத்தில் தள்ளுபடி. ஒருவர் போனால் ஒருவர் வர வேண்டும் என்பது கணக்கு. வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது இடம் கொடுத்தவர் கடமை. கிராமத்து வீட்டில் இரண்டு நாள் தங்க வைத்தாலும் இதே கதைதான். பாவம், அந்த வீட்டுக்காரருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

மாணவரின் கை முறிந்தால்? வடமாலபேட்டைக்காரர்கள் யோசிக்காமல் புத்தூருக்குக் கை காட்டுவார்கள். எலும்பு முறிவுக்கு 'புத்தூர் கட்டு' தமிழ்நாட்டிலும் பிரசித்தம். ஆனால் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்பது ஆஸ்பத்திரி பில். எந்த ஆஸ்பத்திரி, யார் கையெழுத்து, நள்ளிரவில் பெற்றோருக்கு யார் போன் செய்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தம்தான் ஒப்பந்தம். மற்றவை போட்டோவுக்கு உதவும்.

ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987-ல் 11 நாடுகளில் 3,244 மாணவர்களோடு தொடங்கியது. அதன் கீழ் போகும் மாணவரின் படிப்பு ஒப்பந்தத்தில் இரு பல்கலைக்கழகங்களோடு மாணவரும் கையெழுத்திடுகிறார். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பது கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. நம் யு.ஜி.சி.யின் 2022 விதிகளும், வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் 'ட்வின்னிங்' படிப்பில் 30 சதவீத கிரெடிட் வரை அங்கே பெறலாம் என்கின்றன.

பாடக்கணக்கு இப்படித் தீர்ந்துவிடும். விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ்? பெரும்பாலும் மாணவர் தலையில். கட்டணத் தள்ளுபடி காகிதத்தில் இரு பக்கமும் சமம். ஆனால் வடமாலபேட்டை பக்கத்து மாந்தோப்புக் குத்தகைக்காரரின் மகள், பத்மாவதியில் எத்தனை நன்றாகப் படித்தாலும், ஒரு செமஸ்டர் ஜெர்மனி போகப் பெயர் கொடுக்கும் முன் வீட்டில் பேச வேண்டியது பாடத்தைப் பற்றி அல்ல. எராஸ்மஸ் வளர்ந்ததற்கு முக்கியக் காரணம், மாணவர் கையில் உதவித்தொகையும் கொடுத்ததுதான். இங்கே மத்தியக் கல்வி அமைச்சகம் 2023-ல் தொடங்கிய 'யுவ சங்கம்' அந்த வழியில் ஒரு சின்ன முயற்சி: ஒரு மாநில நிறுவனம் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது, இன்னொரு மாநில நிறுவனம் தங்க வைத்து ஊர் காட்டுகிறது, செலவில் பெரும்பகுதி அரசுடையது. ஆனால் அது ஒரு வாரச் சுற்றுலா, கிரெடிட் கிடையாது.

விருந்தாளி மாணவர்களுக்கு ஊர் காட்டக் கிளம்பினால் வடமாலபேட்டை வட்டாரத்தில் முதலில் வருவது அப்பலாயகுண்டாவின் பிரசன்ன வெங்கடேஸ்வரர் கோயில். வருகிறவர்கள் கேமராவோடு வரட்டும். பதிலுக்கு இங்கிருந்து ஒரு பெண் போக, டிக்கெட் பணத்தை எந்தப் பல்கலைக்கழகம் தரும் என்று ஒரு வரியை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.