சுண்டு விரல் சொன்ன கணக்கு

போன செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. மூணு மணி நேரம் எழுதணும். அரை மணியிலேயே பேனா நழுவ ஆரம்பிச்சிடுச்சு. வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போய், இருக்கிற மாதிரியே தெரியல. கடைசி 15 மார்க் கணக்கைத் தொடவே முடியல. காரணம் என் சைக்கிள்!

செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரோடு பைக் வாங்கியிருந்தேன். வாங்கின நாள்லேருந்து ஒரே வேக வெறி. சமதரையில 30 கி.மீ. வேகத்துல போகும்போது நம்ம உழைப்புல பெரும்பங்கைக் காத்துதான் சாப்பிடுது. வேகம் ரெண்டு மடங்கானா, காத்தைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேணும். அப்போ குனியணும், இல்லையா? ஸ்டெம்முக்கு அடியில இருந்த வளையங்களை எல்லாம் எடுத்து மேல போட்டு, ஹேண்டில்பாரை முடிஞ்ச மட்டும் இறக்கினேன். 23 எம்.எம். டயர்ல 120 பி.எஸ்.ஐ. காத்து. டயர் கல்லு மாதிரி இருந்தாத்தான் வேகம்னு நினைப்பு.

திருவான்மியூர்லேருந்து மாமல்லபுரம் சுமார் 45 கி.மீ. முட்டுக்காடு பாலம் தாண்டும்போதே கை மரத்துடும். நிறுத்தி, கையை உதறிட்டு, மறுபடி மிதிப்பேன். இதையெல்லாம் வீரம்னு வேற நினைச்சுக்கிட்டேன்.

பரீட்சை முடிஞ்சு பிசியோதெரபிஸ்ட் கிட்ட போனேன். "உடம்பு பாரம் மொத்தமும் உள்ளங்கையில விழுதுப்பா. சுண்டு விரல் பக்கம் போற அல்நார் நரம்பு நசுங்குது. இப்படியே ஓட்டினா விரல்ல பலமும் குறையும்"னு சொன்னார். கொஞ்சம் பயந்துதான் போனேன்.

ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ 1993-ல, கையை நெஞ்சுக்கு அடியில மடக்கி வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரத்துல 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை பண்ணினார். நானும் அவரை மனசுல வெச்சுத்தான் குனிஞ்சேன். ஆனா அவர் ஓட்டினது வழவழன்னு இருக்கிற மரத் தளத்துல, ஒரே ஒரு மணி நேரம். நான் ஓட்டுறது குண்டும் குழியுமா இருக்கிற ரோட்டுல.

மூணு வளையத்தைத் திரும்பக் கீழே போட்டேன். டயரை 28 ஆக்கி, காத்தை 75-க்குக் குறைச்சேன். கரடுமுரடான ரோட்டுல கல்லு மாதிரி டயர் ஒவ்வொரு மேட்டுலயும் நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும். முன்னால போக வேண்டிய சக்தி அதுலயே வீணாகும். அதனாலதான் ரேஸ்காரங்களே 23-ஐ விட்டுட்டு 28-க்கும் அதுக்கு மேலயும் போயிட்டாங்க.

போன ஞாயிறு மாமல்லபுரம் போனேன். மீட்டர்ல வேகம் முன்னை விடக் கம்மிதான். ஆனா எங்கேயும் நிறுத்தல. பழைய நேரத்தை விடப் பத்து நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேன். இத்தனை நாள் தேய்மானம் கழிக்காம லாபம் காட்டிட்டு இருந்திருக்கேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கே இது உறைக்க ஆறு மாசம் ஆச்சு :-)

உங்களுக்கும் கை மரத்துப் போகுதா? பரீட்சை வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே ஆலன் கீயை எடுங்க.