கோடு விழுந்த சிலிண்டர்

மரம் அறுக்கும் மிஷினின் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட வரவில்லை. “இழுக்காதீங்க சார், கயிறுதான் அறும். உள்ள பிஸ்டன் புடிச்சிருச்சு” என்றார் பட்டறைக்காரர்.

வடமதுரையில் திருச்சி சாலையை ஒட்டிய சின்னப் பட்டறை அது. அய்யலூர்ப் பக்கத் தோட்டம் ஒன்றில் பட்டுப்போன புளியமரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது மிஷின் கீச்சிட்டு நின்றுவிட்டதாம். கொண்டுவந்தவர் மரம் வெட்டும் தொழிலாளி. கடனில் எடுத்த மிஷின். “சிலிண்டரை மாத்தணும்னா இந்த வாரக் கூலி மொத்தமும் போயிரும்ணே” என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளைக்குள் டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருக்க வேண்டிய பிஸ்டனில், ஆணியால் கீறியதுபோல மேலிருந்து கீழாகக் கோடுகள். பிறகு ஆயில் விட்டு ஊறவைத்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி சிலிண்டரை உருவி எடுத்தார். சுற்றிலும் கோடு.

“ஏர் பில்டர் பக்கம் தேஞ்சிருந்தா தூசி போயிருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் கோடுன்னா பெரும்பாலும் எங்கயோ காத்து இழுத்துச் சூடாகியிருக்கும். சுத்தி விழுந்திருந்தா ஆயில் போகல” என்றார். தொழிலாளியின் பையில் ஒரே மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் ஆயில் கலந்த பெட்ரோல். மற்றதில் வண்டிக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோல். அவசரத்தில் கை மாறியிருக்கிறது.

இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஆயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். வேகம் பிடித்தால் நிமிடத்துக்குப் 12,000 சுற்று. அதாவது நொடிக்கு 200 தடவை பிஸ்டன் ஏறி இறங்குகிறது. ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் உரசினால் பிஸ்டனின் அலுமினியம் இளகிச் சுவரில் ஈஷிக்கொள்ளும்.

பட்டறைக்காரர் தொழில் பழகியது டிவிஎஸ் 50-யிலும் ஆர்எக்ஸ் 100-இலும். அந்த வண்டிகளில் பிஸ்டன் பிடித்தால் சிலிண்டரை லேத்துக்கு எடுத்துப்போய் போரிங் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் மாட்டுவார்கள். உள்ளே இரும்பு என்பதால் அது நடக்கும். மர மிஷினில் அது நடக்காது. இதன் சிலிண்டர் அலுமினியம். உட்சுவரில் மிக மெல்லிய கடினப் பூச்சு. சில மாடல்களில் குரோம், பலவற்றில் நிக்கலோடு சிலிக்கன் கார்பைடு. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் நிக்கசில் என்ற பெயரில் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. போரிங் போட்டால் பூச்சு போய்விடும். அதனாலேயே கோடு விழுந்த சிலிண்டர்கள் பல, பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்கின்றன.

“கோட்டைப் பாத்துப் பயப்படக் கூடாது சார். இது சிலிண்டருக்குப் பட்ட காயம் இல்ல. பிஸ்டனோட தோலு இதுமேல ஒட்டியிருக்கு” என்றார். அவர் தொழிலின் சாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

சிலிண்டரை வாசல் காற்றுக்குக் கொண்டுவந்தார். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டார். குச்சி முனைப் பஞ்சில் பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் வைத்தார். பொரிந்து நுரைத்தது. அலுமினியத்தை ஆசிட் தின்கிறது. நிக்கல் பூச்சை அவ்வளவு லேசில் தொடாது. துடைத்தார், மறுபடி வைத்தார். துளைகளின் ஓரத்தில் பூச்சில்லாத அலுமினியம் இருப்பதால் அங்கே சொட்டுப் படாமல் பார்த்துக்கொண்டார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு நுரை அடங்கியது. தண்ணீர், ஆப்ப சோடா, மறுபடி தண்ணீர் என்று கழுவி, நைஸ் எமரித் தாளால் குறுக்கும் மறுக்குமாக லேசாகத் தேய்த்தார். என் விரலைப் பிடித்து உள்ளே விட்டார். நகம் எங்கும் தட்டவில்லை. “பூச்சு உரிஞ்சிருந்தா நகம் சொல்லிரும். அப்போ நானே தூக்கிப் போட்ருவேன்.”

கிராங்கில் சிக்கியிருந்த அலுமினியத் துகள்களைப் பெட்ரோல் விட்டு அலசினார். புதுப் பிஸ்டனின் அம்புக்குறியைச் சைலன்சர் பக்கம் வைத்து, ரிங் வாயைப் பின்னில் பொருத்தி மூடினார். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தபோது, அறுக்கப்போன மிஷின்கள் பலவும் இப்படித்தான் திரும்பி வந்தன என்றார்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் வந்துவிட்டது. சாலையில் டூ ஸ்ட்ரோக் அருகிவிட்டது. அந்தக் கைப்பழக்கம் இன்று மர மிஷினிலும் புல் வெட்டும் மிஷினிலும் மருந்தடிக்கும் மிஷினிலும்தான் மிச்சமிருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளப் பையன்கள் வர வேண்டும்.

சாயங்காலம் நாலாவது இழுப்பில் மிஷின் பிடித்தது. தொழிலாளிக்குப் பிஸ்டன் செட்டும் கூலியும்தான் செலவு, சிலிண்டர் பழையதே.

மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கம்பெனி வேறு அளவு சொல்லாதவரை, நல்ல 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லி கலந்து, சிவப்புப் பெயிண்ட் அடித்த தனி கேனில் வையுங்கள். பிஸ்டன் பிடித்துவிட்டால், சிலிண்டரை எடைக்குப் போடும் முன் விவரம் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.